மகாவின் பத்து கிலோ ஈயம்

சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறி மலேசியாவில் ஈப்போவில் இறங்க வேண்டிய நான், அதையும் தாண்டிக் கடற்கரை ஊரான லூமுட்டில் போய் இறங்கினேன். தூங்கிவிட்டேன் என்று தம்பியிடம் சொன்னேன். உண்மையில் ஜன்னல் ஓரத்தில் கண்ணை விழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் வாட்டசாட்டமான ஒருவர் இரண்டு காலையும் நீட்டி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல் நான் வெளியே வர முடியாது. எழுப்ப வெட்கம். ஈப்போ நிலையத்தில் பஸ் நின்ற அத்தனை நேரமும் இதோ விழிப்பார், இதோ விழிப்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பியது. நானும் கூடவே கிளம்பினேன்.

லூமுட் வந்ததும் அவர் தானாகவே விழித்தார்.

“நீங்க எங்கக்கா எறங்கணும்?”

“ஈப்போ.”

“அய்யோ! ஈப்போ போயி எவ்ளோ நேரமாச்சு. தட்டி எழுப்ப வேண்டியதுதானேலா!”

“நல்லாத் தூங்கினீங்க.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடற்படை முகாமில் சமையல் வேலையாம். படகுத்துறைப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போய், சோறும் பொரித்த மீனும் வாங்கி வைத்து, தம்பிக்குப் போன் போட்டுக் கொடுத்து, அவன் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மீன் அப்போதுதான் பிடித்தது போல இருந்தது. சிங்கப்பூரில் நான் வாங்கும் மீனுக்கு ஐஸ் வாசனைதான் அதிகம். இன்னொரு துண்டு கேட்க ஆசை. கேட்கவில்லை.

தம்பி மணியம் தன் பழைய வேனில் வந்து சேர்ந்தான். அவனுக்கு அறுபத்திரண்டு வயது, ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறான். வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தவன், பாதி தூரத்துக்கு மேல்தான் என்னை எதற்கு வரச் சொன்னான் என்ற விஷயத்துக்கு வந்தான்.

அவன் மகள் மகாவுக்கு முப்பத்தொன்று. கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. லீவு நாளில் கப்சாய் ரேஸ் ஓட்டுகிறாள். கப்சாய் என்றால் ஏதோ பெரிய சங்கதி இல்லை. பாசாருக்குப் போகிற, பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற அதே சின்ன மோட்டார்சைக்கிள்தான். விளக்கையும் கூடையையும் கழற்றிவிட்டால் அதற்கும் கோபம் வந்துவிடும் போலிருக்கிறது.

“போன வருஷம் எல்லா ரேஸ்லயும் இவதான் மொத,” என்றான் தம்பி. “இந்த வருஷம் சட்டத்த மாத்திட்டானுங்க. வண்டியும் ஆளும் சேர்ந்து இவ்ளோ கனம் இருக்கணுமாம். மகா ஒல்லி. அதனால பத்து கிலோ ஈயம் கட்டிக்கிட்டு ஓட்டணுமாம். ஒல்லியா பொறந்தது ஒரு குத்தமாக்கா?”

பிறந்ததிலிருந்து நான் ஒல்லியாக இருந்ததே இல்லை. அதனால் பதில் சொல்லவில்லை.

“அதுலேருந்து அஞ்சாவது, ஆறாவதுன்னு வாரா. சட்டத்தச் சொல்ல மாட்றா, நான்தான் ஸ்லோவாயிட்டேன்ப்பாங்கறா. இந்த ஞாயித்துக்கெழம கடைசி ரேஸ். மூணுக்குள்ள வரலன்னா மோட்டார வித்துடுவாளாம். வாங்கறதுக்குப் பீடோர் ஊர்க்காரர் ஒருத்தர் வந்து பாத்துட்டும் போயிட்டாரு. நீ சொல்லுக்கா, விக்க வேணாம்னு.”

“நானா?”

“நீ பேசறதே இல்ல. அதனால நீ ஒரு வார்த்த சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு.”

பேசத் தெரியாமல் எழுபத்தொரு வருடம் ஓட்டியதற்கு இப்படி ஒரு மரியாதை சேர்ந்திருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மோட்டார் பந்தயம் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். சிங்கப்பூரில் வருடத்துக்கு ஒருமுறை பெரிய கார்ப் பந்தயம் நடக்கும். அப்போது பஸ்கள் வழி மாறிப் போகும், நான் ஏதாவது தெரியாத இடத்தில் போய் நிற்பேன். அவ்வளவுதான். அங்கேயும் அடிக்கடி சட்டத்தை மாற்றுவார்களாம். ஒரே ஆள் ஜெயித்துக்கொண்டிருந்தால் டிக்கெட் வாங்கியவனுக்குக் கொட்டாவி வந்துவிடும் என்று எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் சீனக் கிழவர் சொல்வார். அவர் சொல்வதற்கும் தலையாட்டுவேன்.

வீட்டுக்குப் போனதும் மகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முகம் வாடியிருந்தது. விற்காதே என்று சொல்ல வாயெடுத்தேன். “நல்லா இருக்கியாம்மா?” என்றுதான் வந்தது. “இருக்கேன்த்த,” என்றாள். அத்துடன் முதல் நாள் வேலை முடிந்தது.

வெள்ளிக்கிழமை மகா வேலைக்குப் போய்விட்டாள். எங்கள் புளோக்கில் கொடுக்க நான் ஈப்போவின் பூந்தோங் பக்கம் கச்சாங் பூத்தே வாங்க வேண்டும் என்றேன். வறுத்த கடலை, முறுக்கு, பக்கோடா எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான் பேர். தம்பி கூட்டிப்போனான். கடைக்கு முன்னால் நின்றால் எண்ணெய் வாசனையிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும். மீதிப் பாதியை, ருசி பாருங்கக்கா, ருசி பாருங்கக்கா என்று கடைக்காரம்மா கையில் அள்ளிக் கொடுத்தே நிறைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு எல்லாவற்றையும் தின்றேன். தின்றுவிட்டுக் கொஞ்சமாக வாங்க அதைவிட வெட்கமாக இருந்தது. மூன்று கிலோ வாங்கினேன். கட்டி, மேலே பேனாவால் மூன்று என்று எழுதிக் கொடுத்தார்.

பட்டறைக்கு வந்ததும் தம்பி சும்மா இருக்காமல் அந்தப் பொட்டலத்தைத் தூக்கித் தராசில் மாட்டினான். அது எங்கள் பழைய தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்த தராசு. கடிகாரம் போல வட்ட முகமும் முள்ளும் உள்ளது. தோட்டத்தை அழித்து வீடு கட்டியபோது இரும்புக் கடைக்குப் போக இருந்ததை இவன் கொண்டுவந்து பட்டறை வாசலில் மாட்டிவிட்டான். மகாவின் ஈயத்தை நிறுத்ததும் அதில்தான். அந்தக் கடை வரிசையில் யாருக்கு எதை நிறுக்க வேண்டுமென்றாலும் அதற்குத்தான் வருவார்கள். தம்பிக்கு அதில் ஒரு பெருமை.

முள் இரண்டரையில் நின்றது.

“பாத்தியாக்கா! அரைக் கிலோ அடிச்சிட்டாங்க!”

“பரவால்லடா.”

“என்னா பரவால்ல? ஏறு வேன்ல.”

ஒருவர் கடை வாசலில் போய்ச் சண்டை போடுவதைவிட அரைக் கிலோ கடலையை விட்டுவிடுவது எனக்குச் சுகம். ஆனால் தம்பி பொட்டலத்தோடு என்னையும் சேர்த்துத் தூக்கிப்போனான். கடையில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நான் முறுக்கு டின்னுக்குப் பின்னால் மறைந்துகொள்ளப் பார்த்தேன். என் அளவுக்கு அங்கே டின் இல்லை.

கடைக்காரம்மா கோபப்படவில்லை. பொட்டலத்தை வாங்கித் தன் தராசில் வைத்தார். மூன்று என்று சிவப்பு எழுத்தில் எரிந்தது. பக்கத்துக் கடைத் தராசிலும் வைத்துக் காட்டினார். அங்கேயும் மூன்று.

“அண்ணே, நீங்க எந்தத் தராசுல நிறுத்தீங்க?”

“எங்க தோட்டத்துத் தராசு! அந்தக் காலத்து இரும்பு!”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பை ஆடியது. “தோட்டத்துத் தராசா? எங்கம்மாவும் முப்பது வருஷம் பால் வெட்டுனவங்கதான். அது என்னைக்குண்ணே நெசம் சொல்லியிருக்கு?”

நின்றிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். எங்கள் அம்மா வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, “இவ்ளோதானா?” என்று தினமும் கேட்பாள். நிறுத்துக் கணக்கு எழுதும் கிராணி, “முள்ளப் பாரு,” என்பார். அந்த முள்தான் இது.

திரும்பி வரும்போது சிவப்பு விளக்கில் வேன் நின்றது. பச்சை விழுந்தும் நகரவில்லை. பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்திருந்தான்.

“அக்கா,” என்றான். “மூணு கிலோவ ரெண்டரைன்னு காட்டுதுன்னா, பத்துன்னு காட்டுனது எவ்ளோ?”

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவன் அதற்கும் கீழே. பட்டறைச் சுவரில் சாக்குக்கட்டியால் இரண்டு பேரும் போட்டுப் பார்த்தோம். எனக்கு ஒன்பது வந்தது, அவனுக்குப் பதினான்கு வந்தது. கடைசியில் ஈயப் பையைத் தூக்கிக்கொண்டு மளிகைக் கடைக்கே ஓடினான். பன்னிரண்டு கிலோ! இந்த வருடம் முழுக்க மகா இரண்டு கிலோ அதிகமாகத் தூக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். ஒரு முழுக் கோழியின் கனம் என்றான் தம்பி.

ரேஸ் அன்று அங்கே எடை பார்ப்பார்களே என்று எனக்குச் சந்தேகம். சாயங்காலம் மகா வந்ததும் அவளே சொன்னாள்: “அதிகாரி தராசு நம்பர அவர் பக்கம் திருப்பி வச்சிப் பாப்பாருத்த. கொறஞ்சா வெளிய. கூட இருந்தா போலே போலே, சரி சரின்னு அனுப்பிருவாரு. கூட தூக்குறது நம்ம பாடு.” அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். “ஒரு வாட்டிகூட நம்பர் என்னான்னு கேக்கலியாப்பா?”

“நம்ம தராசு இருக்கும்போது அவன்ட்ட என்னா கேக்கறது?”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வயசாயிருச்சின்னு நெனச்சேன்,” என்றாள். பிறகு பையிலிருந்து இரண்டு கிலோ ஈயத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, “ரோஸ்லானும் நம்ம தராசுலதானே நிறுத்தாரு? சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள்.

ரோஸ்லான் பக்கத்துப் பட்டறைக்காரர். மகா கூடவே ரேஸ் ஓட்டுபவர். அவரும் ஒல்லி, அவருக்கும் ஈயம் உண்டு. நாலாவது, ஐந்தாவது என்று மகாவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துகொண்டிருப்பவர்.

“சொல்லிட்டேன், சொல்லிட்டேன்,” என்றான் தம்பி.

அவன் பொய் சொன்னால் மூக்கைத் தொடுவான். ஐந்து வயதிலிருந்து அப்படித்தான். தொட்டான்.

அவள் குளிக்கப் போனதும் என்னிடம் மெல்லச் சொன்னான்: “ஒரு நாள்தானேக்கா. ரேஸ் முடிஞ்சோன்ன சொல்லிக்கலாம். அவன் கோழியத் தூக்கிக்கிட்டு ஓட்டட்டும். மகா மூணுக்குள்ள வரணும்ல?”

வரத்தான் வேண்டும். அதற்காகத்தானே நான் லூமுட் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அன்று படுத்த பிறகு, “முள்ளப் பாரு” என்ற கிராணியின் குரல் தம்பியின் குரல் மாதிரியே காதில் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை. தம்பி சாமான் வாங்கப் போயிருந்தான். ரோஸ்லான் தன் பட்டறையைத் திறந்து, “மக் சிக், சுகமா?” என்று, அத்தை முறை வைத்து, மலாயில் கேட்டார். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் இதை எப்படிச் சொல்வது? எங்கள் தராசு ஏமாற்றுத் தராசு, உங்களை ஒரு வருடமாக ஏமாற்றிவிட்டோம், எல்லோரையும் விட என் தம்பி ஏமாந்தான் என்றா? நான்கு முறை அவர் வாசல்வரை போய்த் திரும்பினேன். ஐந்தாவது முறை அவரே, “ஏதாவது வேணுமா?” என்று எழுந்து வந்தார்.

நான் உள்ளே ஓடினேன். கச்சாங் பூத்தே பொட்டலத்தை எடுத்துவந்து, மேலே எழுதியிருந்த மூன்றை அவருக்குக் காட்டினேன். தராசில் மாட்டினேன். முள்ளைக் காட்டினேன். பிறகு அவர் மோட்டாரில் கட்டியிருந்த ஈயத்தைக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

ரோஸ்லான் பொட்டலத்தைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. “ஒரு வருஷமா?” என்றார். தலையை ஆட்டினேன். “அல்லா!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வெட்கம் தாங்காமல் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை முறுக்கு அள்ளி அவர் கையில் வைத்தேன். ஒரு வருடத்து அநியாயத்துக்கு அதுதான் என்னால் முடிந்த நஷ்ட ஈடு.

தம்பி வந்தபோது ரோஸ்லான் ஈயத்தைக் குறைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தம்பிக்குப் புரிந்துவிட்டது.

“பேசறதுக்குத்தானே ஒன்ன வரச் சொன்னேன்! பேச வேண்டிய எடத்துல வாயத் தொறக்கல. வேணாங்கற எடத்துல ஊமப்படம் காட்டியிருக்க!”

அதன் பிறகு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டான். பேசாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவனுக்கு இல்லை. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் நடந்த இடம் ஊருக்கு வெளியே, முன்பு ரப்பர் காடாக இருந்த நிலம். வளைந்து வளைந்து ஒரு சின்னத் தார்ச்சாலை, ஓரமெல்லாம் பழைய டயர். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கும் இந்த வருடம் தடையாம், சாறு வழுக்குகிறதாம். அதனால் வேனிலிருந்து வண்டியை இறக்கும்போதே வாசல் கேட்டுக்கு வெளியே நசுக்கினோம். பின்னால் வந்த சீனப் பையன் ஒருவனும் எங்களிடம் பழம் கேட்டு வாங்கி நசுக்கிக்கொண்டான்.

கம்பி வேலிக்குப் பக்கத்தில் நிற்கத் தைரியம் இல்லாமல் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் விற்கும் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் தமிழர். ஐஸைச் சீவிக்கொண்டே புலம்பினார்.

“இந்தச் சட்டம் வந்து என் வியாபாரமே படுத்துருச்சிக்கா. போன வருஷம் மூணாவது சுத்துலயே அந்தப் பொண்ணு தூரமாப் போயிரும். யார் ஜெயிப்பான்னு தெரிஞ்சிரும். எல்லாரும் இங்க வந்து செண்டோல் குடிப்பாங்க. இப்ப எல்லா வண்டியும் ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது. ஒருத்தனும் வேலிய விட்டு நகர மாட்றான்.”

அந்தப் பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு என்று சொல்ல ஆசை. செண்டோலைக் குடித்தேன்.

பந்தயம் ஆரம்பித்ததும் ஆயிரம் தையல் மிஷின் ஒன்றாக ஓடுகிற மாதிரி சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆக, ரேஸை நான் கடைக்காரர் வாயால்தான் பார்த்தேன். “அடி! உள்ள பூந்துட்டா! நாலாவது… இல்ல, மூணு! மூணு! அந்த மலாய்க்காரன் விடமாட்டான் போலருக்கே… தோள் இடிக்குது! ஏய் ஏய் ஏய்!” கடையைப் போட்டுவிட்டு அவரும் வேலிக்கு ஓடிவிட்டார். இப்போது சொல்ல ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்து நானும் ஓடினேன். எப்போது ஓடினேன், எப்படி வேலியில் ஏறி நின்றேன் என்று தெரியாது. கடைசி வளைவு. மகா வெளிப்பக்கம், ரோஸ்லான் உள்பக்கம். இரண்டு பேரும் சாய்ந்த சாய்வில் முழங்கால் தரையைத் தொட்டது. “மகாஆஆ!” என்று யாரோ கத்தினார்கள். யாரடா இப்படி வெட்கமில்லாமல் கத்துவது என்று திரும்பினால், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ரோஸ்லான் மூன்றாவது. மகா நாலாவது. நடுவில் ஒரு முழங்கூட இல்லை.

தம்பி என் பக்கமே திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்திருக்காது. ஒரு பொட்டலம் கடலையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மோட்டாரை விற்றவள் நான்தான். மகாவிடம் போய் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நடந்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் முழுக்க வேர்வை, வாய் நிறையச் சிரிப்பு.

“பாத்தீங்களாத்த? கடைசி வளைவுல அவரே பயந்துட்டாரு!”

“நான்தாம்மா ரோஸ்லான்கிட்ட…”

“தெரியும், அவரு சொன்னாரு. அப்பா சொல்லலன்னும் சொன்னாரு.” கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். “அவரு கோழியோட வந்திருந்து நான் ஜெயிச்சிருந்தா, நான் ஸ்லோவா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்குள் ரோஸ்லான் வந்து அவளிடம் கை கொடுத்தார். இரண்டு பேரும் கையாலேயே வண்டி ஓட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் இவள் ஜெயித்த படமெல்லாம் தம்பி எனக்குப் போனில் அனுப்பியிருக்கிறான். ஒன்றிலும் இந்தச் சிரிப்பு இல்லை.

ஆனாலும் நாலு நாலுதான். வீட்டுக்கு வந்ததும் தம்பி மனமில்லாமல் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தான். “பீடோர்காரர்ட்ட வாக்குக் குடுத்திருக்க. மூணுக்குள்ள வரல. நீயே வரச் சொல்லு.” அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை, நான் பஸ்ஸுக்குப் புறப்படும் நேரம், பீடோர்காரர் லோரியோடு வந்துவிட்டார். கொய்யாத் தோட்டம் வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும், மரியாதையான மனிதர். ஒரு கூடைக் கொய்யாவும் கொண்டுவந்திருந்தார். பட்டறைக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மோட்டார் ஒரு கட்டைமேல் இருந்தது. இரண்டு சக்கரமும் இல்லை. செயின் ஒரு பக்கம், சீட் ஒரு பக்கம். நடுவில் கையெல்லாம் கிரீஸோடு மகா.

“என்னாம்மா இது?”

“அடுத்த வருஷத்துக்கு ரெடி பண்றேண்ணே. மன்னிச்சிக்குங்க, விக்கல.”

“மூணுக்குள்ள வந்தாத்தானே விக்க மாட்டேன்ன? நீ வந்தது நாலு. நானும் ரேஸ் பாத்தவங்ககிட்ட கேட்டுட்டுத்தானே வந்தேன்.”

மகா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். “சட்டத்த மாத்திட்டேண்ணே. இப்ப நாலு.”

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மேற்கூரையைப் பார்த்தான். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க பெரியவங்க. நீங்களே சொல்லுங்கம்மா. மூணுன்னுதானே பேச்சு?”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தம்பிகூடப் பார்த்தான். நான் கைப்பையின் வாரை முறுக்கினேன்.

“நாலுதான் தம்பி,” என்றேன். “மொதல்லேருந்தே நாலுதான் பேச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

வந்த நாளிலிருந்து நான் தடுமாறாமல் பேசிய பேச்சு அது ஒன்றுதான். என் நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாவம், அந்த மனிதர் நம்பிவிட்டார். “அப்ப நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன் போல,” என்று கொய்யாக் கூடையைக் கீழே இறக்கி வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குள் போய், அவர் கிளாஸில் மட்டும் இரண்டு கரண்டி பால் அதிகம் ஊற்றினேன்.